கடைக்கு கரண்ட் லோடு ஏத்தப் போறீங்களா? டிரான்ஸ்ஃபார்மர், ஃபீடர், பிரேக்கர் சைஸ் போடுற வழி

பழைய வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டுல ஒரு துணிக்கடை, கிரவுண்ட் பிளஸ் மூணு மாடி. இவ்ளோ நாளா ரெண்டு மாடிதான் ஓடிட்டு இருந்துச்சு, இப்ப மேல இருக்குற குடோனையும் ஷோரூம் ஆக்கி மொத்த கட்டடத்துக்கும் ஏசி போடணும்னு மொதலாளி கூப்ட்டாரு. போன உடனே அவரு கேட்ட மொத கேள்வி "எத்தினி கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வேணும்பா, ரேட்ட சொல்லு". எல்லாருமே இங்கதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா டிரான்ஸ்ஃபார்மர் மொதல்ல வர்ற கணக்கு இல்ல. லோடுல ஆரம்பிச்சு, அதுல இருந்து டிரான்ஸ்ஃபார்மர், அப்பால ஃபீடர் (பேனல்ல இருந்து ஒவ்வொரு பக்கமும் போற பெரிய லைன்), அதுக்கு பிரேக்கர் (கரண்ட் ஜாஸ்தியானா தானா வெட்டுற ஸ்விட்ச்), பிரேக்கருக்கு ஏத்த கேபிள். அந்தக் கடைக்கு நான் போட்ட கணக்கையே இங்க எழுதுறேன், உங்க கடை நம்பர மாத்திப் போட்டுப் பாத்துக்கோங்க.

மொதல்ல இருக்குற லோட அளக்கணும். பழைய பில்லுல ரெக்கார்டட் டிமாண்ட் (அந்த மாசம் கடை இழுத்த உச்ச லோடு) இருந்தா ஒரு வருசத்து பில்லு எல்லாத்தையும் எடுத்து வைங்க. அதோட மெயின்ல ஒரு லோடு லாகர் (லோட தானா பதிவு பண்ற மீட்டர்) மாட்டி ஏழு நாள் உடுங்க, லாகர் இல்லன்னா டாங் டெஸ்டர் (ஒயர சுத்தி கவ்வி கரண்ட் காட்டுற மீட்டர்) புடிச்சு ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி மூணு ஃபேஸும் நியூட்ரலும் எழுதி வைங்க. எப்ப அளக்குறோம்ங்கறது ரொம்ப முக்கியம், நம்ம ஏரியா துணிக்கடைக்கு ரெண்டு உச்சம் இருக்கு, அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு ஏசி உச்சம், தீபாவளிக்கு முந்தின வாரம் சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் ஏசி லைட்டு லிஃப்ட்டு போர்டு லைட்டு எல்லாம் சேந்து உச்சம். ஜனவரில பொங்கல் முடிஞ்சு கடை காலியா இருக்கும்போது அளந்துட்டு அத வெச்சு சைஸ் போட்டா மே மாசம் மாட்டிக்குவீங்க.

அப்பால புதுசா வரப்போற லோடு. இந்தக் கடைக்கு ஏசி மொத்தம் 60 டன், விஆர்எஃப் (வெளிய ஒரு யூனிட், உள்ள பல யூனிட்) மாதிரி சிஸ்டத்துக்கு டன்னுக்கு ஏறக்குறைய 1.2 கிலோவாட் போட்டா 72, உள்ள இருக்குற ஃபேன் யூனிட்டெல்லாம் சேத்து 80 கிலோவாட்னு எடுத்துக்கிட்டேன். எல்இடி லைட்டு 30, பில்லிங் கம்ப்யூட்டர் யூபிஎஸ் பிளக் பாயிண்ட் 20, ரெண்டு லிஃப்ட்டு 15, தண்ணி மோட்டார் 4, மொட்டை மாடியில ஸ்டாஃப் சமையலும் ஆல்டரேசன் பண்ற எடத்துல அயர்ன் பாக்ஸும் சேத்து 15, வெளிய போர்டு லைட்டு 5. கூட்டுனா 169 கிலோவாட். இது கனெக்டட் லோடு, அதாவது கடையில இருக்குற எல்லா ஸ்விட்சும் ஒரே நேரத்துல போட்டா வர்றது, அப்படி என்னிக்கும் போடப் போறதில்ல. அதனால ஒவ்வொண்ணுக்கும் டைவர்சிட்டி, அதாவது ஒரே நேரத்துல ஓடுற பங்கு, போடணும். ஏசிக்கு 0.9, லைட்டுக்கு முழுசா 1 (கடை தொறந்தா லைட்டு எரிஞ்சுட்டேதான் இருக்கும், இதுல கொறச்சு ஏமாந்துடாதீங்க), பிளக்குக்கு 0.5, லிஃப்ட்டுக்கு 0.8, மோட்டாருக்கு 0.5, சமையலுக்கும் அயர்னுக்கும் 0.6, போர்டு லைட்டுக்கு 1. அப்படிப் போட்டா 72, 30, 10, 12, 2, 9, 5, ஆக மொத்தம் 140 கிலோவாட். பவர் ஃபேக்டர் (இழுக்குற கரண்ட்ல எவ்ளோ நெசமா வேலை செய்யுதுங்கற பங்கு) 0.9ன்னு வெச்சு வகுத்தா 156 கேவிஏ, டிரான்ஸ்ஃபார்மர் சைஸ் இந்த கேவிஏலதான்.

ஃபயர் பம்ப் இந்தக் கூட்டல்ல வராது, தீ புடிச்சா மத்ததெல்லாம் ஆஃப் ஆயிடும். ஆனா அதுக்கு சப்ளை மெயின் பிரேக்கருக்கு முன்னாடியே தனியா எடுக்கணும், மெயின ஆஃப் பண்ணாலும் பம்ப் ஓடணும்.

இப்ப ஈபி விசயம். எல்டில (சாதாரண 415 வோல்ட் சப்ளை) இவ்ளோ கிலோவாட் வரைக்கும்தான்னு ஒரு வரம்பு உண்டு, தமிழ்நாட்டுல ரொம்ப காலம் அது 112 கிலோவாட், அதாவது 150 ஹெச்பி. நீங்க அப்ளிகேசன் போடுற அன்னிக்கு என்ன வரம்புன்னு செக்சன் ஆபீஸ்ல ஏஇ (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. இந்தக் கடைக்கு நாளைக்கு 25 பர்சன்ட் வளர்ச்சி சேத்தா 175 கிலோவாட் வருது, அதனால மொதலாளி ஹெச்டிக்கே (11 கேவி சப்ளை) போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு, டிரான்ஸ்ஃபார்மர் நம்மளது. ஹெச்டி வாங்குறவங்க ஒண்ணு நல்லா கவனிக்கணும், கான்ட்ராக்ட் டிமாண்ட் (ஈபிகிட்ட கேட்டு எழுதுற உச்ச லோடு) எவ்ளோ எழுதுறீங்களோ அதுல 90 பர்சன்டுக்கு நீங்க எடுத்தாலும் எடுக்கலன்னாலும் டிமாண்ட் சார்ஜ் கட்டணும். டிரான்ஸ்ஃபார்மர பெருசா போடலாம் தப்பில்ல, டிமாண்ட இன்னிக்கு வேணுங்கற அளவுக்கு எழுதுங்க, அப்பால ஏத்திக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் சைஸுக்கு வருவோம். 156 கேவிஏ, வளர்ச்சி 25 பர்சன்ட் சேத்தா 195. டிரான்ஸ்ஃபார்மர எப்பவும் 80 பர்சன்ட் கிட்ட ஓட்டுறது நல்லது, நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு மேல போனா ஆயில் சூடும் வைண்டிங் சூடும் ஏறிட்டே போகும். 195ஐ 0.8ஆல வகுத்தா 244. மார்க்கெட்ல 100, 160, 200, 250, 315, 400, 500ன்னு கெடைக்குது, 250 எடுத்தாச்சு. இன்னிக்கு லோடுல 62 பர்சன்ட் ஓடும், வளந்தப்புறம் 78. சில பேரு 'எதுக்கும் இருக்கட்டும்'னு 500 போடச் சொல்றாங்க, அது வேணாங்க, லோடு இருந்தாலும் இல்லன்னாலும் இரும்பு நஷ்டம் (உள்ள இருக்குற இரும்பு கோர் சும்மா தின்னுற கரண்ட்) 24 மணி நேரமும் மீட்டர்ல ஏறும், அதோட ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டும் பெருசாகும், அத கீழ சொல்றேன்.

11 கேவியில இருந்து 433 வோல்ட்டுக்கு எறக்குற டிரான்ஸ்ஃபார்மர்ல எல்டி பக்கம் ஃபுல் லோடு கரண்ட் வேணும்னா கேவிஏவ 1.33ஆல பெருக்குங்க, 250க்கு 333 ஆம்ப்ஸ். ஹெச்டி பக்கம் வெறும் 13 ஆம்ப்ஸ்தான். கட்டடத்துக்குள்ளயோ பேஸ்மென்ட்லயோ வெக்கறதா இருந்தா ஆயில் டிரான்ஸ்ஃபார்மர் கூடாது, ஆயில் இல்லாத டிரை டைப்தான். இந்தக் கடைக்கு பின்னாடி திறந்த எடம் கொஞ்சம் இருந்ததால ஆயில் டைப் வெளிய வேலி போட்டு வெச்சோம்.

பீடத்து உயரத்துக்கு மட்டும் யார் பேச்சையும் கேக்காதீங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பாத்தவங்க நாம, வியாசர்பாடி புளியந்தோப்பு கொடுங்கையூர் பக்கமெல்லாம் தண்ணி எவ்ளோ நாள் நின்னுச்சுன்னு தெரியும். எடத்துக்குப் போனதும் பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆயா"ன்னு கேளுங்க, செவுத்துல கைய வெச்சு காட்டுவாங்க, அந்தக் கோட்டுக்கு மேல குறைஞ்சது ஒரு அடி தள்ளி பீடம் கட்டுங்க. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இல்ல, மெயின் பேனலும் டிஜி செட்டும் (டீசல் ஜெனரேட்டர்) அதே உயரம்.

அடுத்து ஃபீடரும் பிரேக்கரும். இங்கதான் ஜாஸ்தி தப்பு நடக்குது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

பிரேக்கர் காப்பாத்துறது கேபிள. மெஷின் ஓடணும்ங்கறதுக்காக பிரேக்கர் சைஸ ஏத்தக் கூடாது. லோடு கரண்ட்ட விட பிரேக்கர் பெருசு, பிரேக்கர விட கேபிள் தாங்குற கரண்ட் பெருசு, இந்த வரிசை எந்த எடத்துலயும் மாறக் கூடாது. கொருக்குப்பேட்டையில ஒரு பட்டறைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு கூப்ட்டாங்க, போனா ஷட்டர் தொறந்ததுமே கருகுன வாசனை. அங்க 120 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் கேபிள் போட்டு 200 ஆம்ப்ஸ் பிரேக்கர் இருந்திருக்கு, புது மெஷின் வந்தப்புறம் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு யாரோ அத கழட்டிட்டு 400 ஆம்ப்ஸ் மாட்டிட்டாங்க, கேபிள் அதே 120. அந்த கேபிள் 220 ஆம்ப்ஸ் கிட்டதான் தாங்கும், இதுல 300க்கு மேல ஓடியிருக்கு, பிரேக்கருக்கு அது ஒரு லோடே இல்ல. ட்ரேல கேபிள் மேல் தோல் உப்பி வெடிச்சு, உள்ள செவப்பு மஞ்சள் நீலம் மூணு கோரும் ஒண்ணா உருகி ஒட்டிக்கிச்சு, கையால பிரிக்கவே முடியல. உள்ள படுத்திருந்த ஒரு தம்பி வாசனை வந்து எழுந்ததால பொழச்சான். ட்ரிப் ஆகுற பிரேக்கர் ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம், அத கேக்காம வாய மூடுனா இதான் ஆகும்.

இப்ப துணிக்கடை ஏசி ஃபீடர எடுத்துக்குவோம். ஃபீடருக்கு டைவர்சிட்டி போடாதீங்க, அது டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான், ஃபீடர் தன் முழு லோடையும் தூக்கணும். 80 கிலோவாட், 415 வோல்ட், 0.9 பவர் ஃபேக்டர்ல கிலோவாட்டுக்கு 1.55 ஆம்ப்ஸ் வரும், ஆக 124 ஆம்ப்ஸ். தொடர்ந்து மணிக்கணக்கா ஓடுற லோடு, அதனால கால் பங்கு சேத்து 155, பக்கத்து சைஸ் 160 ஆம்ப்ஸ் எம்சிசிபி (பெரிய பிரேக்கர்). கேபிளுக்கு கேட்டலாக் தொறந்தா 70 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ ஆர்மர்டு (சூடு தாங்குற இன்சுலேசன், மேல இரும்பு கவசம்) கேபிள் காத்துல 160 கிட்ட காட்டும், "ஆச்சே 160க்கு 160 கரெக்டு"ன்னு தோணும். ஆனா அந்த கேட்டலாக் கணக்கு 40 டிகிரிக்கு. கேபிள் மேல ஏறுற ஷாஃப்ட்டுக்குள்ள மே மாசம் 50 டிகிரி சாதாரணமா இருக்கும், அதுக்கு 0.9ஆல பெருக்கணும், 70 ஸ்கொயர் 144க்கு எறங்கிடும், பிரேக்கர விட சின்னது, அது தப்பு. 95 ஸ்கொயர் காத்துல 200 கிட்ட, 0.9 போட்டா 180, இது சரி. ட்ரேல பக்கத்துல பக்கத்துல நாலஞ்சு கேபிள் ஒட்டிப் படுத்திருந்தா அதுக்கும் தனியா கொறைக்கணும், ஒரு கேபிள் அகலம் எடம் உட்டு படுக்க வெச்சா அந்த கொறைப்பு பெருசா வராது.

அப்பால வோல்டேஜ் டிராப், அதாவது கேபிள் நீளத்துல கொறையுற வோல்டேஜ். மெயின் பேனல்ல இருந்து மொட்டை மாடிக்கு 45 மீட்டர், 95 ஸ்கொயர் அலுமினியத்துக்கு சூடான நிலையில கிலோமீட்டருக்கு 0.41 ஓம் ரெசிஸ்டன்ஸ் வெச்சு கணக்குப் போட்டா 4 வோல்ட் கிட்ட டிராப் ஆகுது, ஒரு பர்சன்ட். லைட்டு சர்க்யூட்டுக்கு மொத்தமா 3 பர்சன்ட், மத்ததுக்கு 5 பர்சன்ட் தாண்டக் கூடாது. கடை மாதிரி சின்ன கட்டடத்துல டிராப் பெரிய பிரச்சன இல்ல, ஆனா தண்டையார்பேட்டை திருவொற்றியூர் பக்கம் நீட்டமா இருக்குற குடோனுங்கள்ல 150, 200 மீட்டர் இழுக்கும்போது கரண்ட் கணக்குல கேபிள் பாஸ் ஆயிடும் டிராப்ல ஃபெயில் ஆயிடும், அங்க ஒரு சைஸ் ஏத்தணும்.

டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து மெயின் பேனலுக்கு வர்ற கேபிள்தான் எல்லாத்தையும் சொமக்குது. மெயின் பிரேக்கர் 400 ஆம்ப்ஸ், நாலு போல், ஓவர்லோடு செட்டிங் மாத்துற மாதிரி உள்ளது, அத 0.8ல வெச்சா 320, டிரான்ஸ்ஃபார்மரோட 333க்குள்ள நிக்குது. 400 பிரேக்கர் வாங்கி செட்டிங்க 1லயே உட்டுட்டு போறவங்கதான் ஜாஸ்தி, அப்படி உட்டா டிரான்ஸ்ஃபார்மர் 20 பர்சன்ட் ஓவர்லோடுல ஓடுனாலும் பிரேக்கர் சும்மா பாத்துட்டு நிக்கும். கேபிளுக்கு 300 ஸ்கொயர் ஒண்ணு போடலாமா 185 ஸ்கொயர் ரெண்டு போடலாமான்னு யோசிச்சேன். 300 மண்ணுல 355 கிட்ட தாங்கும், கணக்குல பாஸ்தான், ஆனா நாளைக்கு மிச்சம் இல்ல, அதோட அந்த கேபிள வளைக்க முக்கா மீட்டர் கிட்ட வளைவு வேணும், பழைய வண்ணாரப்பேட்டை கட்டடத்துல அந்த எடம் எங்க இருக்கு. 185 ஒண்ணு மண்ணுல 275, ரெண்டு பக்கத்துல பக்கத்துல பொதச்சா 0.8 போட்டு 440. அதத்தான் போட்டோம். ரெண்டும் ஒரே நீளம், ஒரே கம்பெனி, ஒரே லக் (கேபிள் முனையில மாட்டுற உலோக காது), ஒண்ணு சுத்தி ஒண்ணு நேரா போனா நேரா போறது ஜாஸ்தி கரண்ட் எடுத்துக்கும்.

நியூட்ரல பத்தி தனியா சொல்லியே ஆகணும். நம்ம பழக்கத்துல எல்லாத்துக்கும் மூன்றரை கோர் கேபிள், அதுல நியூட்ரல் பாதி சைஸ். மோட்டாரும் டியூப் லைட்டும் இருந்த காலத்துல அது போதும். இப்ப கடை முழுக்க எல்இடி டிரைவர், கம்ப்யூட்டர், இதெல்லாம் மூணாவது ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸுக்கு மூணு மடங்கு வேகத்துல வர்ற கரண்ட்) தள்ளும், மூணு ஃபேஸ்ல இருந்து வர்ற அந்த கரண்ட் ஒண்ண ஒண்ணு கேன்சல் பண்ணாம நியூட்ரல்ல கூடிக்கும். ஒரு ரெடிமேட் கடையில லைட்டு அடிக்கடி பளிச் பளிச்சுனு வெட்டுதுன்னு போனேன், டாங் டெஸ்டர் புடிச்சா ஃபேஸ்ல 70 ஆம்ப்ஸ், நியூட்ரல்ல 95. நியூட்ரல் லக்க பாத்தா செம்பு நெறமே போயி நீலமும் கறுப்புமா இருக்கு, கறுப்பு ஸ்லீவு சுருங்கி பின்னாடி போயிடுச்சு, ஸ்பானர் வெச்சா போல்ட்டு லூசு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நியூட்ரல் கட் ஆயி ஒரு ஃபேஸ்ல 300 வோல்ட்டுக்கு மேல போயி கம்ப்யூட்டரெல்லாம் காலி. அதனால லைட்டு, கம்ப்யூட்டர் போற ஃபீடருக்கு முழு நாலு கோர் போடுங்க, டிபி (ஒவ்வொரு மாடியிலயும் கரண்ட் பிரிக்கிற பொட்டி) நியூட்ரல் பாரும் முழு சைஸ் கேளுங்க. இந்தக் கடையில ஒவ்வொரு மாடி லைட்டிங் டிபிக்கும் 63 ஆம்ப்ஸ் எம்சிசிபி, 25 ஸ்கொயர் அலுமினியம் நாலு கோர் போட்டோம். செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

பிரேக்கர் மேல ஆம்ப்ஸ் மட்டும் பாக்காதீங்க, எத்தினி கிலோ ஆம்ப்ஸ் ஷார்ட் சர்க்யூட்ட வெட்டும்ங்கறதையும் பாருங்க. டிரான்ஸ்ஃபார்மர் பெயர் தகட்டுல இம்பீடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இருக்குற தடை) பர்சன்ட் இருக்கும், இந்த சைஸ்ல 4.5. ஃபுல் லோடு கரண்ட்ட அதால வகுங்க, 333ஐ 0.045ஆல வகுத்தா 7.4 கிலோ ஆம்ப்ஸ். 10 கேஏ (கிலோ ஆம்ப்ஸ்) எம்சிபி, அதாவது சின்ன பிரேக்கர் கூட தாங்கும், மெயின்ல 25 கேஏ இருந்தா தாராளம். இதே 500 கேவிஏ போட்டிருந்தா 15 கேஏ கிட்ட வரும், பேனலுக்கு பக்கத்துலயே 10 கேஏ எம்சிபி வெச்சா ஷார்ட் ஆகும்போது அது வெட்டாம வெடிக்கும். சைஸ் பெருசானா சேஃப்டின்னு நெனைக்கறது இதனாலதான் தப்பு.

அதே மாதிரி கீழ ஒரு ட்ரையல் ரூம் லைட்டு ஷார்ட் ஆனா அந்த 10 ஆம்ப்ஸ் எம்சிபி மட்டும்தான் ட்ரிப் ஆகணும், தீபாவளி கூட்டத்துல மொத்த கடையும் இருட்டாகக் கூடாது. அதுக்கு மேல இருக்குறதுக்கும் கீழ இருக்குறதுக்கும் ஆம்ப்ஸ்ல நல்ல இடைவெளி வேணும், கம்பெனி குடுக்குற செலக்டிவிட்டி டேபிள்ல ரெண்டையும் ஒத்துப் பாக்கணும், வேற வேற கம்பெனி பிரேக்கர கலந்து போட்டா அந்த டேபிள் உதவாது. எம்சிபியில லைட்டுக்கு சி கர்வ், மோட்டாருக்கு டி கர்வ் (ஸ்டார்ட் ஆகும்போது வர்ற கரண்ட்ட தாங்குறது). எம்சிபியில எழுதியிருக்குற ஆம்ப்ஸ் 30 டிகிரிக்கு, நம்ம டிபி உள்ள அதவிட சூடு, அதனால 80 பர்சன்டுக்கு மேல ஏத்தாதீங்க. பிளக் சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா வெட்டுறது) கண்டிப்பா.

பவர் ஃபேக்டர ஏத்துற கெப்பாசிட்டர் பேனல் இந்த லோடுக்கு 50 கேவிஏஆர் போதும், 0.9ல இருந்து 0.98க்கு மேல போயிடும். ஹார்மோனிக்ஸ் இருக்குற எடம்ங்கறதால 7 பர்சன்ட் ரியாக்டரோட (ஹார்மோனிக்ஸ தடுக்குற காயில்) வாங்குங்க, வெறும் கெப்பாசிட்டர் சீக்கிரம் உப்பிடும். அதுக்கு 70 ஆம்ப்ஸ் கரண்ட், ஒன்றரை மடங்கு வெச்சு 125 ஆம்ப்ஸ் பிரேக்கர்.

எர்த்திங்ல டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்கு தனியா ரெண்டு, பாடிக்கு தனியா ரெண்டு. ராயபுரம் காசிமேடு பக்கம் மண்ணு ஈரமா உப்பா இருக்கறதால எர்த் மெகர்ல (எர்த் தடை அளக்குற மீட்டர்) ரெசிஸ்டன்ஸ் சூப்பரா காட்டும், அத பாத்து சந்தோசப்படாதீங்க, அதே உப்பு ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பட்டைய அரிச்சுட்டே இருக்கும். காசிமேட்டுல ஒரு ஐஸ் கம்பெனியில எர்த் பிட் மூடிய தொறந்தா மேல பட்டை இருக்கு, கீழ ஒரு சாணுக்கு அப்பறம் பட்டையே இல்ல, துரு பொடியா கையில வருது. கடலோர எடத்துக்கு செம்பு, லக்குக்கு தகர பூச்சு போட்டது, அலுமினியமும் செம்பும் சேர்ற எடத்துல பைமெட்டல் லக்.

ஹெச்டி வேலைக்கு அதுக்குரிய கிரேடு லைசென்ஸ் இருக்குற கான்ட்ராக்டர்தான் பண்ணணும், எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வந்து பாத்து சர்டிபிகேட் குடுத்தப்புறம்தான் சார்ஜ் பண்ணணும். நீங்க போட்ட லோடு லிஸ்ட், சிங்கிள் லைன் டயகிராம், கேபிள் கணக்கு மூணையும் அவர்கிட்ட மொதல்லயே காட்டிடுங்க, வேலை முடிஞ்சப்புறம் ஒரு கேபிள மாத்தச் சொன்னா செவுத்த ஒடைக்கணும்.

சார்ஜ் பண்ற அன்னிக்கு மொதல்ல கேபிள் எல்லாத்தையும் மெகர் பண்ணி (இன்சுலேசன் அளந்து) எழுதி வைங்க, ஃபேஸ் வரிசை பாருங்க (லிஃப்ட்டும் ஏசியும் தலைகீழா சுத்தக் கூடாது), அப்பால ஒவ்வொரு ஃபீடரா போடுங்க. மொத சனிக்கிழம சாயங்காலம் கூட்டம் இருக்கும்போது திரும்பப் போயி மூணு ஃபேஸும் நியூட்ரலும் அளந்து பேலன்ஸ் பண்ணுங்க. ஒரு மாசம் கழிச்சு கடை மூடுன ராத்திரில சப்ளை ஆஃப் பண்ணிட்டு எல்லா லக்கையும் டார்க் ஸ்பானர்ல ஒரு வாட்டி பாத்துடுங்க, அலுமினியம் செட்டாகி லூஸ் ஆயிருக்கும். மெயின் பிரேக்கர் 0.8, ஏசி ஃபீடர் 160, கேபிள் சைஸ், தேதி எல்லாம் ஒரு தாள்ல எழுதி லேமினேட் பண்ணி பேனல் கதவு உள்பக்கம் ஒட்டிட்டு, இன்னொரு காப்பி மொதலாளி கல்லாவுல குடுத்துட்டு வந்தேன்.